வெளிநாட்டு நண்பருடன் மதுரையில் ஒரு வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து ஓராண்டு, ஈராண்டு என்று தங்கிவிடும் வெளிநாட்டினர் பலர் இன்று நம் வகுப்புத் தோழர்களாகவும் பக்கத்து இருக்கைக்காரர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நாலைந்து நண்பர்களாக வெள்ளி இரவு புறப்பட்டு, சனி, ஞாயிறு இரண்டு நாளும் மதுரையில் இருந்துவிட்டு, திங்கள் விடியலில் திரும்பும் பயணத்தை நான் நான்கு முறை மேற்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் அலுவலகத் தோழர்களும் தங்கையின் கல்லூரித் தோழிகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை, நான் தவறு செய்து கற்றுக்கொண்ட விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏன் மதுரை? மாமல்லபுரமோ புதுச்சேரியோ பக்கம்தானே?

பக்கம்தான். ஆனால் சென்னையில் சில மாதங்கள் இருந்த எந்த வெளிநாட்டவரும் அந்த இரண்டு ஊர்களையும் தாமாகவே பார்த்திருப்பார். மதுரை அப்படியல்ல. கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று, பெரும்பாலும் தமிழ் மாதங்களின் பெயரால், சதுரம் சதுரமாக விரியும் ஒரு பழைய நகரம், இன்றும் மக்கள் புழங்கும் நகரமாகவே இருக்கிறது. அங்கே காலையில் பூ விற்கிறார்கள், நள்ளிரவில் இட்லி விற்கிறார்கள். சென்னையில் வாழ்ந்து பழகியவருக்குத் தமிழ்நாட்டின் இன்னொரு பக்கத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஊரை நான் அறியேன்.

மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் இப்படி வெளியூர் செல்ல அனுமதி வாங்க வேண்டுமா?

மதுரைக்கு வேண்டியதில்லை. வடகிழக்கின் சில பகுதிகள், அந்தமானின் சில தீவுகள் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குத்தான் தனி அனுமதி தேவைப்படுகிறது. ஆனால் பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் அசலையும், பதிவு செய்துகொண்டவராயின் வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் அளித்த தங்கும் அனுமதிச் சீட்டையும் அவர் கையோடு எடுத்து வர வேண்டும். ஊர் சுற்றும்போது நகல் போதும். அறை எடுக்கும் நேரத்தில் அசல் கேட்பார்கள்.

எந்த ரயில்? டிக்கெட்டை யார் எடுப்பது?

வார இறுதிக்கென்றே அமைந்தது போன்றது பாண்டியன் எக்ஸ்பிரஸ். இரவில் சென்னையில் ஏறினால் விடியற்காலையில் மதுரை. ஞாயிறு இரவு மதுரையில் ஏறினால் திங்கள் விடியலில் சென்னை. இரண்டு பகல்களும் முழுதாகக் கையில் கிடைக்கின்றன. வைகை எக்ஸ்பிரஸ் பகல் ரயில். 1977ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் ஜன்னலோரத்தில் அமர்ந்து, திண்டுக்கல் மலைகள் தெரியத் தொடங்கும் வரை வயல்களைப் பார்த்துக்கொண்டு போவது தனி இன்பம். ஆயினும் இரண்டே நாள் பயணத்தில் அரை நாளை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். தேஜஸ், வந்தே பாரத் ஆகியவையும் உண்டு. நேரங்கள் அவ்வப்போது மாறுவதாலும், சில ரயில்கள் எழும்பூருக்குப் பதிலாகத் தாம்பரத்திலிருந்து புறப்படுவதாலும், கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை அனைவருக்கும் சேர்த்து ஒருவரே எடுப்பது நல்லது. பெட்டி பிரியாமல் இருக்கும். பயணி விவரத்தை நிரப்பும்போது நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே முன்கூட்டி நிரம்பியிருக்கும். அதை மாற்றி நண்பரின் நாட்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அவர் பெயரையும் கொடுங்கள். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், தேதியை முடிவு செய்துவிட்டு அந்த நாளில் தயாராக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தட்கல் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை முதல் இணையவழித் தட்கல் டிக்கெட்டை ஆதார் சரிபார்த்த கணக்கிலிருந்துதான் எடுக்க முடிகிறது. நண்பருக்கு ஆதார் இல்லாமல் இருக்கலாம் (12 மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருந்த வெளிநாட்டவரும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை). ஆகவே தட்கல் என்றால் அது உங்கள் கணக்கில்தான்.

படுக்கை வகுப்பா, குளிர்சாதன வகுப்பா என்பதை நண்பரிடமே கேளுங்கள். அவருக்கு எது ஒத்துவரும் என்பதை நாமாக முடிவு செய்து எல்லோருக்கும் செலவைக் கூட்டுவது ஒருமுறை நான் செய்த தவறு. ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்றில் படுத்து வர வேண்டும் என்று அந்தப் பயணத்தில் உடன் வந்த வெளிநாட்டுத் தோழி மாதக்கணக்காக ஆசைப்பட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

பேருந்தோ விமானமோ சரிப்படாதா?

ரயில் கிடைக்காதபோது சரிப்படும். ஆம்னி பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்து இரவு முழுதும் ஓடி மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும். விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் இரண்டு ஊர் விமான நிலையங்களுக்கும் போய்வரும் நேரத்தைச் சேர்த்தால் மிச்சம் அதிகமில்லை.

அறை முன்பதிவு செய்யும்போது தனியாக எதையாவது கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் விடுதி எதுவாக இருந்தாலும், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை அரசின் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நெடுங்காலமாகச் ‘சி படிவம்’ என்று எல்லோர் வாயிலும் வழங்கிவரும் நடைமுறை இது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழும் இந்தக் கடமை தொடர்கிறது. பெரிய விடுதிகளுக்கு இது அன்றாட வேலை. சிறிய லாட்ஜ்கள் பலவற்றில் இதற்கான கணக்கே இருக்காது. ஆகவே அவர்கள் வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதையும் நாம் பையோடு வாசலில் போய் நின்ற பிறகுதான் சொல்கிறார்கள்.

முதல் பயணத்தில் எங்களுக்கு அதுதான் நடந்தது. செயலியில் பணம் கட்டி உறுதிச் சீட்டும் வைத்திருந்தோம். விடியற்காலை 6 மணிக்கு வரவேற்பு மேசையில் இருந்தவர் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, இரண்டு பக்கம் திருப்பி, அதை மேசையில் வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்க்காமல், “இவங்களுக்கு மட்டும் ரூம் தர முடியாது, மத்தவங்க தங்கிக்கலாம்” என்றார். அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னார். ஆனால் அதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. நண்பர் பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். நாங்கள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, மூன்றாவதாகக் கேட்ட இடத்தில் அறை கிடைத்தது. அதற்குள் காலை 8 மணி.

ஆகவே பணம் கட்டும் முன் விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, “வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்களோடு தங்குகிறார், பதிவு செய்து தருவீர்களா?” என்று கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலும், மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு பகுதிகளிலும் விடுதிகள் நெருக்கமாக உள்ளன. கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.

மதுரையில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. அங்கே எல்லோரும் தங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?

வீட்டுக்கும் அதே விதிதான். வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரரும் அதே 24 மணி நேரத்துக்குள் அந்த இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெரியம்மாவுக்காக நீங்களே அதைச் செய்து கொடுக்கலாம். ஆனால் கணக்குத் தொடங்கி ஒப்புதல் கிடைக்கச் சில நாட்கள் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே செய்துவிடுங்கள். சாப்பிடப் போவதற்கு எந்தப் பதிவும் வேண்டாம். நாங்கள் விடுதியில் தங்கிக்கொண்டு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் உறவினர் வீட்டுக்குப் போனோம். வீட்டார்க்கும் சுமையில்லை, நண்பருக்கும் தமிழ்க் குடும்பத்தின் சாப்பாட்டுத் தரையில் சம்மணமிட்டு அமரும் வாய்ப்புக் கிடைத்தது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் என் நண்பர் வர முடியுமா?

கோயில் வளாகத்துக்குள் வரலாம். அம்மன் சந்நிதிக்கும் சுவாமி சந்நிதிக்கும் உள்ளே, இந்து அல்லாதவர் செல்ல முடியாது. அதற்கான பலகை வாயிலிலேயே உள்ளது. பொற்றாமரைக் குளத்தின் படிகளில் உட்காரலாம். கோபுரங்களை அங்கிருந்தே பார்க்கலாம்; மொத்தம் 14 கோபுரங்களில் தெற்குக் கோபுரமே உயரமானது, ஏறத்தாழ 170 அடி. ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்கலாம். அதில் எண்ணிப் பார்த்தால் இருப்பவை 985 தூண்கள்.

2024 ஜனவரியில் பழனி கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து அல்லாதவர் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதிக்கப்படக் கூடாது என்றும், அதற்கான பலகைகள் வைக்கப்பட வேண்டும் என்றும், சாமி மீது நம்பிக்கை கொண்டு தரிசிக்க விரும்பும் வேற்று மதத்தவரிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றும் கூறியது. உங்கள் நண்பர் அத்தகைய நம்பிக்கை உடையவரானால், வாசற்காவலரிடம் வாதாடாமல் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். நம்பிக்கை இல்லாத ஒருவரை எப்படியாவது உள்ளே அழைத்துப் போய்விட வேண்டும் என்று பொய் சொல்ல வைப்பதை நான் ஏற்க மாட்டேன். கும்பிட வந்தவர்களுக்கும் அது மரியாதையில்லை. பொய்யைச் சுமந்து நிற்கும் நண்பருக்கும் மரியாதையில்லை.

அவ்வளவு தூரம் அழைத்துப் போய் வாசலில் நிற்க வைத்தால் மனம் நோகாதா?

அங்கே போன பிறகு தெரிந்தால் நோகும். சென்னையில் திட்டமிடும்போதே, “இந்த இடம் வரை நாம் எல்லோரும் போவோம், அதற்கு மேல் நீ வர முடியாது, நாங்களும் உன்னோடு இருந்துவிடுவோம் அல்லது மாறி மாறிப் போய் வருவோம்” என்று சொல்லிவிட்டால் நோகாது. நான் அழைத்துச் சென்ற நால்வரும் அதை அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், யார் யாருக்கு இந்தக் கதவு எப்போது திறந்தது என்று கேட்டார். நல்ல கேள்வி. 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு இதே கோயிலுக்குள் நுழைந்தார் என்பதையும், அதற்கு முன் நம் மக்களிலேயே எத்தனை பேருக்கு இந்த வாசல் மூடியிருந்தது என்பதையும் குளக்கரையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன். அது எங்கள் பயணத்தின் மிக நீண்ட உரையாடலாக அமைந்தது.

இரவில் நடக்கும் பள்ளியறைப் பூசைக்கு முந்தைய ஊர்வலத்தை இந்து அல்லாதவரும் பிரகாரத்தில் நின்று பார்க்க முடிகிறது. இரவு 9 மணி அளவில், சொக்கநாதரின் திருவடிகள் வெள்ளிப் பல்லக்கில் சுவாமி சந்நிதியிலிருந்து அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும். முதலில் மேளமும் நாதசுரமும் கேட்கும். பிறகு சாம்பிராணிப் புகை வரும். அதன் பின்னால்தான் பல்லக்கு. அதைத் தாங்கி வருபவர்கள் நம்மைத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்து போவார்கள். பட்டர் ஒருவர் சாமரம் வீசுவார். பல்லக்கு அம்மன் சந்நிதிக்குள் திரும்பியதும் கூட்டம் பின்னால் போகும். நண்பர் அங்கேயே நின்றுகொள்ள வேண்டும். நானும் அவரோடு நின்றேன். கணவர் மனைவியின் அறைக்குப் போகிறார், கோயில் நாள் முடிகிறது என்று ஒரே வரியில் சொன்னபோது அவர் எதுவும் பேசாமல் புகை கலையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பகலில் பார்த்த அத்தனை சிற்பங்களையும்விட அந்தப் பத்து நிமிடங்களைத்தான் இன்றும் நினைவுகூர்கிறார்.

உடை, கைபேசி, செருப்பு?

தோளும் காலும் மூடிய உடை வேண்டும். அரைக்கால் சட்டையோடு விட மாட்டார்கள். கைபேசி உள்ளே கொண்டுபோக முடியாது. 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்த சில வாரங்களிலேயே தடை வந்தது. வெளியே உள்ள பாதுகாப்பகத்தில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அழைக்க வழியில்லை என்பதால், எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பொற்றாமரைக் குளத்தின் ஒரு மூலையைச் சொல்லி வைப்பது எளிது. மதியம் நடை சாத்தி மாலை 4 மணியளவில்தான் திறப்பார்கள். வெயில் நேரத்தில் கல்தரை சுடும், காலுறை அணிந்துகொள்ளலாம்.

கோயிலைத் தவிர எங்கே அழைத்துப் போகலாம்?

திருமலை நாயக்கர் மகாலில் தொடங்குங்கள். 1636இல் கட்டப்பட்ட அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதி மட்டுமே என்று சொல்லிவிட்டு அந்தத் தூண்களின் நடுவே நிறுத்துங்கள். நாங்கள் மூவர் கை கோத்து ஒரு தூணைச் சுற்றி அளந்து பார்த்தோம். மாலையில் ஒலி ஒளிக் காட்சி தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே நடப்பதுண்டு.

காந்தி நினைவு அருங்காட்சியகம் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959 முதல் இயங்குகிறது. சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த, குருதிக் கறை படிந்த துணி அங்கே உள்ளது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேல்சட்டையைக் கைவிட்டு அரையாடைக்கு மாறியது மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான். உலகமெங்கும் தெரிந்த அந்த உருவம் இந்தத் தெருவில் பிறந்தது என்று சொன்னால் எந்த நாட்டவரும் ஒரு கணம் நின்று பார்ப்பார். முதலில் மேலமாசி வீதி, பிறகு அருங்காட்சியகம் என்ற வரிசையில் போங்கள்.

மதுரையில் வாழ்ந்த வெளிநாட்டினரின் கதைகள் உங்கள் நண்பருக்குத் தனி நெருக்கம் தரும். 1606இல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றுத் தமிழில் நூல்கள் எழுதினார். 1812 முதல் 1828 வரை ஆட்சியராக இருந்த ரவுஸ் பீட்டரை மக்கள் பீட்டர் பாண்டியன் என்று அழைத்தார்கள். மழையும் இடியுமாக இருந்த ஓர் இரவில் ஒரு சிறுமி அவரை வீட்டுக்கு வெளியே அழைத்து வந்ததாகவும், அடுத்த கணமே அந்த வீடு இடி விழுந்து சரிந்ததாகவும், வந்தவள் மீனாட்சியே என்று அவர் நம்பியதாகவும் ஊரில் சொல்வார்கள். அவர் அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த, கல் பதித்த தங்க அங்கவடிகள் (குதிரையில் ஏறுபவர் கால் வைக்கும் வளையங்கள்) கோயிலில் உள்ளன. அவர் கல்லறை மதுரையிலேயே ஒரு தேவாலயத்தில் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்ட பிரெஞ்சுத் தோழி, சந்நிதிக்குள் போக முடியாத ஒருவரின் பரிசு உள்ளே இருக்கிறதே என்றார்.

ஞாயிறு காலையில் வெயிலேறும் முன் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்வாருங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரங்கள். படியேறினால் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றின் கீழே, பழந்தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் அமைந்த கல்வெட்டுகளும் இருக்கின்றன. கீழடி அருங்காட்சியகமும் (2023 மார்ச்சில் திறக்கப்பட்டது) ஊருக்கு வெளியே அரை மணிப் பயணம்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அழகர் கோயில், திருப்பரங்குன்றம், கொடைக்கானல் என எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். கொடைக்கானலைச் சேர்ப்பது என்றால் மதுரையை விட்டுவிடுவது என்று பொருள். ஒரு நாளைக்குக் காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவில் மதிய உறக்கம் என்பதே சரியான அளவு. அவர் சுற்றுலாக்காரர் அல்லர், இந்தியாவில் வாழ்பவர். விட்டுப்போனதைப் பார்க்க இன்னொரு வார இறுதி இருக்கிறது.

பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு நேரம் ஒதுக்கச் சொல்வேன்: மாட்டுத்தாவணி பூச்சந்தை. விடியற்காலையில் போக வேண்டும். மதுரை மல்லி அப்போது விரியாத மொட்டாக, காம்பு பச்சையும் இதழ் வெள்ளையுமாகக் குவியல் குவியலாகக் கிடக்கும். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாளானால் விலை மணிக்கொரு தரம் ஏறும். கட்டிய சரத்தை ஒரு பூக்காரம்மா முழங்கையால் அளந்து வெட்டியதைப் பார்த்த என் தோழி, ஒரு முழம் என்பது எவ்வளவு என்று கேட்டுத் தன் நீண்ட கையை நீட்டினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சரத்தைத் தோழியின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளந்து வெட்டிக் கொடுத்து, ஒரு முழத்துக்கான காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

காரம் ஒத்துக்கொள்ளுமா? எதை வாங்கித் தருவது?

பல மாதங்கள் சென்னையில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவருக்குத் தம் வயிற்றைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரிடமே கேட்டுவிடுங்கள். பொதுவாகச் சூடாக, கண்ணெதிரே செய்து தருவது பாதுகாப்பானது. கூட்டம் உள்ள கடையில் பண்டம் தேங்காது.

காலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த மணம் பிடித்துப்போனால் இரண்டாவது தம்ளரும் கேட்பார். மதியம் இலைச் சாப்பாடு. மாலையில் பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் சேர்ந்த ஜிகர்தண்டா. அசைவம் சாப்பிடுபவராயின் இரவில் கறிதோசை: கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி எனச் சேர்த்துத் திருப்பிப் போட்டு எடுப்பது. கல்லுக்கு அருகிலேயே நின்று அதைச் செய்வதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு 11 மணிக்குத் தெருவில் ஆவி பறக்கும் இட்லியும் நாலு வகைச் சட்னியும் கிடைக்கும்போதுதான் தூங்கா நகரம் என்ற பெயருக்கு அவருக்குப் பொருள் விளங்கும். கையால் சாப்பிடுவதா, கரண்டியா என்பது அவர் விருப்பம்.

செலவை எப்படிப் பிரித்துக்கொள்வது? ஆட்டோவில் அதிகம் கேட்பார்களே?

சமமாகப் பிரியுங்கள். விருந்தாளி என்று அவரிடம் காசே வாங்காமல் இருப்பதும், வெளிநாட்டுக்காரர் என்று அவரையே கொடுக்க வைப்பதும் ஒன்றுபோல் அவரை விலக்கி வைப்பவை. இந்திய வங்கிக் கணக்கும் இந்தியக் கைபேசி எண்ணும் இருந்தால் அவரும் ஜிபே, போன்பே பயன்படுத்துவார். இல்லாவிட்டாலும் சில்லறை நோட்டுகளை அவர் கையில் இருக்கச் செய்து, டீக்கடையில் அவரே கொடுக்கட்டும்.

ஆட்டோவுக்குப் பேசும்போது கட்டணத்தை ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். செயலியில் அழைத்தால் பேரமே இல்லை. ஐந்து பேர் என்றால் இரண்டு ஆட்டோ. நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உள்ள இடங்கள் உண்டு. கூடுதலாகும் தொகையை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டோம்.

என் நண்பர் நைஜீரியாவைச் சேர்ந்தவர். ஏதாவது வேறுபாடு இருக்குமா?

இருக்கும் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைத் தோலுள்ள நண்பரோடு போனபோது வலிய வந்து கை கொடுத்த அதே ஊரில், ஆப்பிரிக்க நண்பரோடு போனபோது முறைத்துப் பார்த்தவர்களும், நிறத்தைச் சொல்லிச் சிரித்த இளைஞர்களும் இருந்தார்கள். தமக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துப் பேசுகிறார்கள் என்பதை அவர் அறிந்தே இருந்தார். அங்கே கேளாதது போல் நடந்துவிடாதீர்கள். “தம்பி, இவர் எங்க ஃபிரண்டு, அப்படிப் பேசாதீங்க” என்று நிதானமாக ஒரு வார்த்தை சொன்னாலே பெரும்பாலோர் வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் சொன்னீர்களா இல்லையா என்பதை உங்கள் நண்பர் கவனித்துக்கொண்டிருப்பார். அதே பயணத்தில் ஒரு பரோட்டாக் கடை அண்ணன் அவரைக் கல்லுக்குப் பின்னால் அழைத்து, மாவை வீசக் கற்றுக்கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லோரும் செல்ஃபி கேட்டால்?

முடிவு அவருடையது, அவர் சார்பில் நீங்கள் சம்மதிக்காதீர்கள். வேண்டாம் என்றால் சொல்ல ஒரு சைகையை முன்பே பேசி வைத்துக்கொண்டு, மறுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் பிறரைப் படமெடுக்கும் முன் கேட்க வேண்டும்.

நண்பருக்குத் தமிழ் தெரியாது. எந்தச் சொற்களைக் கற்றுத் தரலாம்?

சென்னையில் ‘அண்ணா’ என்று பழகியிருப்பார். மதுரையில் ‘அண்ணே’ என்று அழைக்கச் சொல்லுங்கள். வழி சொல்பவர்கள் ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்பார்கள். மெதுவாக என்பதைப் ‘பைய’ என்பார்கள். இந்த நான்கு சொற்கள் போதும், கடைக்காரர் முகம் மலர்வதைக் காண. அதே சமயம் குழுவுக்குள் நாம் தமிழிலேயே பேசிச் சிரித்துக்கொண்டு அவரை ஜன்னலைப் பார்க்க விட்டுவிடுகிறோம். ரயிலில் இது அடிக்கடி நேரும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு அவருக்கும் புரியும் மொழிக்குத் திரும்ப வேண்டும்.

எந்த மாதம் நல்லது? சித்திரைத் திருவிழாவுக்குப் போகலாமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம். சித்திரைத் திருவிழாவில், மீனாட்சி திருக்கல்யாணமும் கள்ளழகர் வைகையில் இறங்குவதும் காணக் கண்கோடி வேண்டும். ஆனால் வெயில் உச்சத்தில் இருக்கும், அறை கிடைக்காது, கூட்டத்தில் அசைய முடியாது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம். மதுரையை ஒருமுறை பார்த்துவிட்ட நண்பரை இரண்டாம் முறை அதற்கு அழைத்துப் போங்கள்.

உடம்பு சரியில்லாமல் போனாலோ பாஸ்போர்ட் தொலைந்தாலோ?

ஆம்புலன்சுக்கு 108, காவல்துறை உள்ளிட்ட எல்லா அவசரத்துக்கும் 112, பெண்களுக்கான உதவி எண் 181. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டு பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் பெற்று, பிறகு அவருடைய நாட்டுத் தூதரகத்தையும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தையும் அணுக வேண்டும். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படம் குழுவில் இன்னொருவர் கைபேசியிலும், அவர் சம்மதத்தோடு, இருப்பது நல்லது.

திங்கள் காலை நேராக அலுவலகம் போய்விட முடியுமா?

முடியும். விடியும் முன்பே சென்னை வந்துவிடுவதால் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கிளம்ப நேரம் இருக்கும். ஞாயிறு மாலை வாங்கும் மல்லிகையை மொட்டாகவே கேட்டு வாங்கி, வாழை இலையில் மடித்து நூல் சுற்றித் தரச் சொல்லுங்கள். இரவில் பெட்டிக்குள் அது விரியத் தொடங்கும். செங்கல்பட்டைத் தாண்டி நண்பர் கண்விழிக்கும்போது அவருடைய படுக்கை முழுதும் மணத்துக்கொண்டிருக்கும்.